ரேணரும் புதிய வண்ணங்களும்

ஆங்கில ஓவியர் ரேணர் (1775–1851) விரைவில் வெளிறும் வண்ணங்களை விரும்பி வாங்குவதைக் கண்ட வண்ண வணிகர் வில்லியம் வின்சர் அவரைக் கண்டித்தார் என்றும், வண்ணம் விற்பது உமது தொழில், தீட்டுவது எனது தொழில் என்னுங் கருத்துப்பட அவர் விடையிறுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. இதனைச் சான்றாகக் கொண்டு, புதுமை மோகத்தால் தம் ஓவியங்களைத் தாமே கெடுத்தவர் ரேணர் எனத் தீர்ப்புக் கூறுவாருளர். இத்தீர்ப்பிற் பாதியே உண்மை. ஓவியங்கள் பல வெளிறியது மெய். ஆயின் பழியைப் புதிய வண்ணங்கள் அனைத்தின் மீதுஞ் சுமத்துவது பொருந்தாது.

ரேணர் வாழ்ந்த காலம் இரசாயனம் ஓவியனுக்கு வாரி வழங்கிய காலம். 1797 இல் வோக்கலின் என்னும் பிரெஞ்சு அறிஞர் குரோமியத்தைக் கண்டார். அதிலிருந்து குரோம் மஞ்சள் பிறந்தது. 1802 இல் தெனார் கோபால்ற்று நீலத்தை ஆக்கினார். 1834 இல் நாகவொட்சைட்டினாலான ‘சீன வெள்ளை’ கடைக்கு வந்தது. முன்னெல்லாஞ் சந்தனக்கட்டையை உரைப்பதுபோல நீர் விட்டு உரைக்கவேண்டியிருந்த வண்ணக்கட்டிகளுக்குப் பதிலாக, தூரிகை பட்டவுடன் கரையும் ஈரவண்ணங்களும் அந்த 1830களிலேயே விற்பனைக்கு வந்தன. ரேணர் புதியவற்றைத் தயங்காது கையாண்டார். அவர் மஞ்சளைப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அவரோ மஞ்சளை விட்டாரில்லை.

வண்ணத்தை அவர் சோதித்த முறையும் நோக்கத்தக்கது. 1818 இல் பாண்ளி மாளிகையில், நண்பர் வோல்ற்றர் போக்ஸின் மைந்தர் அருகிருக்க, ஒரு போர்க்கப்பலைத் தீட்டினார். தாள் தோய்ந்து ஊறும்வரை வண்ணநீரை ஊற்றினார். பின் வெறிகொண்டவர்போலத் தேய்த்தார், சுரண்டினார், கீறினார். முதலில் யாவுங் குழப்பமாயிருந்து, பிற்பகலுக்குள் பாய்மரமும் கயிறும் பீரங்கி வாயில்களுந் துலங்கக் கப்பல் முழுதாய் எழுந்தது. வண்ணம் எவ்வளவு நீரைத் தாங்கும், எவ்வளவு தேய்ப்பைத் தாங்கும் என்பதைக் கையறிவாற் கண்டவர் அவர். எவ்வளவு ஒளியைத் தாங்கும் என்பதோ ஒரு பிற்பகலிற் காணக்கூடியதன்று.

இனி, வெளிறியவை யாவை? அவுரி நீலமும், கொச்சினீல் பூச்சியிலிருந்து பெறுங் கார்மைன் சிவப்புமே அவற்றுள் முதன்மையானவை. இவை இரண்டும் ரேணருக்கு நெடுங்காலம் முற்பட்டவை. அக்கால ஓவியர் அவுரியையுஞ் செங்காவியையுங் கலந்து மழைமேகத்தின் சாம்பல் நிறத்தைப் பெற்றனர். ஒளி பட்டு அவுரி மறைய, அழியாக் காவி மட்டும் எஞ்சி, கார்மேகம் செவ்வானமாயிற்று. அதனைக் கண்டு, அந்திப் பொழுதின் இளஞ்சூட்டை ஓவியர் என்னே உணர்ந்தார் என வியந்து எழுதுந் திறனாய்வாளன், வெயில் தீட்டிய ஓவியத்துக்கு ஓவியனைப் புகழ்ந்தவனாகின்றான்! புதியதாகிய கோபால்ற்று நீலமோ இன்றும் நிற்கின்றது. குரோம் மஞ்சள் சில இடங்களிற் கறுத்ததுண்டு. ஆயினும் அது வெளிறி ஒழியவில்லை.

இவ்வுண்மை எளிதில் ஒப்புக்கொள்ளப்படவில்லை. 1886 இல் இலண்டன் பத்திரிகையில் ரொபின்சன் என்பார் அரும்பொருட்சாலை ஓவியங்கள் வெளிச்சத்தால் அழிகின்றன என எழுத, அதுபற்றி வாதம் மூண்டது. ரஸ்கினும் அதிற் கலந்துகொண்டார். அதன்பின் இரசலும் அப்னியும் ஆராய்ந்து 1888 இல் அறிக்கை வெளியிட்டனர். ஒளி மட்டுமன்று, ஈரமும் ஒட்சிசனுங் கூடியே பெரும்பாலான வண்ணங்களை அழிக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. ரேணர் இறந்து முப்பத்தேழு ஆண்டுகளின் பின் வந்த அறிவு இது. புதிய வண்ணத்தின் ஆயுளை அறியாது எடுத்தாண்டமைக்காக அவரைக் குற்றஞ் சாட்டுதல் நீதியன்று. ஆனால், வெளிறுமென வணிகரே எச்சரித்த பின்னும் கார்மைனை அவர் விடாதிருந்தாராயின், அவ்வோவியத்தை விலைகொடுத்து வாங்கியவனுக்கு அவர் செய்தது நேர்மையாகாது. மேதைமை இதற்கு மறைப்பாகமாட்டாது.

லூசேர்ண் ஏரிக்கரையிலுள்ள ரிகி மலையை 1842 இல் அவர் மூன்று பொழுதுகளில் வைத்துத் தீட்டினார். அவற்றுள் ‘நீல ரிகி’ விடியற்காலத்து நீலம் ஒன்றையே உயிராகக் கொண்டது. அந்நீலம் போயிற்றேல் மலையும் இல்லை, நீரும் இல்லை.

ஹென்றி வோன் என்னுஞ் செல்வர் தாம் திரட்டிய ரேணரின் நீர்வண்ண ஓவியங்களுள் 38ஐ எடின்பரோ ஓவியக்கூடத்துக்கும் 31ஐ டப்ளின் கூடத்துக்கும் விட்டுச் சென்றார். 1900 இல் அவை அங்குச் சேர்ந்தன. ஒளி மிகக் குறைந்த சனவரி மாதத்தில் மட்டுமே அவற்றைக் காட்டவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. மற்றைப் பதினொரு மாதமும் அவை இருளில் இருந்தன. அவற்றின் நீலங்கள் இன்னும் நீலமாகவே உள்ளன.