பழைய புரொஜெக்டரும் கீறல் விழாத படச்சுருளும்

திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து, அவர் ஓட்டிவந்த புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். தென்னாட்டில் ஊர் ஊராகப் போன டென்ட் சினிமாவுக்கு வழிபோட்டது இப்படிக் கை மாறிய அந்தப் பழைய கருவிதான். கோவை வெரைட்டி ஹால் அதன் பிறகு எழுந்தது.

அதுபோல இன்று வீட்டுக்கான 8 மி.மீ. புரொஜெக்டரைப் பழையதாக வாங்குவோர், விளக்கைப் பார்ப்பதற்கு முன்பே ‘கேட்’ என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். லென்சுக்குப் பின்னால், படம் அழுந்திச் செல்லும் அந்த இடுக்கில்தான் கீறல் பிறக்கிறது. படச்சுருளிலிருந்து உரிந்த எமல்ஷன் பூச்சின் துணுக்கு அங்கே இறுகினால், சுருள் முழுக்க ஒரே கோடு விழும். அதை இரும்பு ஊசியால் சுரண்டவே கூடாது. மரக்குச்சியும் மென்மையான பிரஷ்ஷும் போதும். 1932இல் வந்த ரெகுலர் 8க்கும் 1965இல் வந்த சூப்பர் 8க்கும் துளையளவு வேறு. மாற்றி ஓட்டினால் துளை கிழியும்.

மங்கலம் போன்ற விசைத்தறி ஊரில் பஞ்சுத்தூசி எங்கும் படியும். ஒவ்வொரு சுருளுக்கு முன்பும் கேட்டைச் சுத்தம் செய்வது நல்லது. பட்டறைகளில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் இதற்கு உதவாது. வெட்டிய ஓரம் இழை உதிர்க்கும்.

வாங்கும் முன் வேண்டாத துண்டுப் படமொன்றை இருமுறை ஓட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதுக் கோடு தெரிந்து, கேட்டைத் துடைத்த பிறகும் விழுந்தால், எவ்வளவு மலிவானாலும் அந்தக் கருவி வேண்டாம்.