உப்புத்தாள் தீர்க்காத சிராய்

அமெரிக்கப் புறநகர்களில் ஏப்ரல் பிறந்தால் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது பிரஷர் வாஷர் இரைகிறது. பனிக்காலம் முழுக்க நனைந்து கிடந்த பின்கட்டு டெக்கைக் கழுவுகிறார்கள். பாசியும் சாம்பல் நிறமும் ஒரே மதியத்தில் போய், பலகை புத்தம் புதிதாகத் தெரியும். காய்ந்த பிறகு தடவிப் பார்த்தால் உள்ளங்கையில் சொரசொரக்கும். மர ரேகை மேடு தட்டி, நார் எழுந்து நிற்கும். உடனே சாண்டரை எடுத்து உப்புத்தாளை மாட்டி இழுக்கிறார்கள். இந்தக் கழுவலும் தேய்ப்பும் ஒன்றுக்கொன்று துணை என்பது பலருடைய எண்ணம். முதல் வேலை கெடுத்ததை இரண்டாவது வேலை பாதி சரிசெய்கிறது என்பதுதான் என் கணிப்பு.

ரேகை ஏன் எழுகிறது? அங்கே டெக்குக்கு அதிகம் போடுவது மருந்தேற்றிய சதர்ன் பைன். அதன் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த வெளிர் அடுக்கு மெத்தென்று இருக்கும். கோடைக் கடைசியில் வளர்ந்த கருஞ்சிவப்பு அடுக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு அடர்த்தி. ஆலையில் இழைக்கும் கத்தி மழுங்கியிருந்தால் கடின அடுக்கை வெட்டாமல், அதற்குக் கீழே உள்ள மெத்தென்ற அடுக்குக்குள் அழுத்திவிடும். கடையில் வாங்கும்போது பலகை வழவழப்பாகத்தான் இருக்கும். மழையில் நனைந்ததும் நசுங்கிய அடுக்கு உப்பி, மேலே உள்ள கடின வரியைத் தூக்கிவிடும். வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. நார்களைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் சிதைக்க, மெத்தென்ற அடுக்கு முதலில் உதிர்ந்து பள்ளமாகிறது. ஆனால் இயற்கை இதில் நிதானமானது. ஊசியிலை மரங்கள் நூறாண்டு வெயில் மழையில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தேயும் என்பது விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள அரசு வனப்பொருள் ஆய்வுக்கூடத்தின் கணக்கு.

அந்தத் தேய்மானத்தில் பல ஆண்டுகளுக்கு உரியதை பிரஷர் வாஷர் ஒரே மதியத்தில் முடித்துவிடும். வீட்டு மெஷின்கள் சாதாரணமாக 2000 முதல் 3000 பிஎஸ்ஐ வரை அடிப்பவை. மெத்தென்ற மரத்துக்கு ஐந்நூறு, அறுநூறைத் தாண்ட வேண்டாம் என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்வது. குறுகிய நாசிலைப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்தால் வெளிர் அடுக்கு வாய்க்கால் வாய்க்காலாகப் பறிந்து போகும். கை வீசிய தடம் வில் வில்லாகப் பலகையில் அப்படியே பதிந்திருப்பதை எத்தனையோ டெக்குகளில் பார்க்கலாம். குளோரின் பிளீச் ஊற்றுவது இன்னொரு கேடு. அதுவும் லிக்னினையே தாக்கிப் பஞ்சு பஞ்சாக நாரைக் கிளப்புகிறது. இதற்காகக் கழுவவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பாசி படர்ந்த பலகையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதைவிடச் சொரசொரப்பு மேல். சோடியம் பெர்கார்பனேட் கரைசலைத் தெளித்து, கால் மணி ஊறவிட்டு, பிரஷால் ரேகைப் போக்கில் தேய்த்து, தோட்டக் குழாயில் அலசினாலே பாசி போய்விடும். முதுகு வலிக்கும், அவ்வளவுதான்.

உப்புத்தாளுக்கு வருவோம். கைப்பிடிக் கட்டைக்கு அதைப் போல மருந்து வேறில்லை. முதலில் ஈரத்துணியால் துடைத்து, எழ வேண்டிய நாரெல்லாம் எழட்டும் என்று விட்டு, நன்றாகக் காய்ந்ததும் 100 அல்லது 120 நம்பர் தாளால் ரேகைப் போக்கில் தேய்த்து, கூர்முனைகளை உருட்டிவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி எழுவது பெருமளவு குறையும். குழந்தைகள் பிடித்து ஓடும் இடம் என்பதால் அந்த ஒரு நாள் உழைப்பு தகும்.

தரைப்பலகையில் அதே கணக்கு செல்லாது. வழவழப்பு வேண்டும் என்று நைசான தாள் வரை போனால் மரத்தின் முகம் மெருகேறிவிடும். அப்புறம் பூசும் எண்ணெய் உள்ளே இறங்காது. 60, 80 நம்பரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாண்டரின் அடியில் உள்ள மெத்தை மெத்தென்று இருந்தால் அதுவே வெளிர் அடுக்கைத் தோண்டி மேட்டை இன்னும் மேடாக்கும். இது பலருக்கும் தெரிவதில்லை. திருகுகளை முன்கூட்டியே உள்ளிறக்காவிட்டால் தாளுக்குத் தாள் கிழியும். 2003 முடிவு வரை அங்கே வீட்டு உபயோக மரத்தில் ஆர்சனிக் கலந்த சிசிஏ மருந்தை ஏற்றினார்கள். அந்தக் காலத்து டெக் என்றால் சாண்டரைத் தொடாமல் இருப்பதே நல்லது. அந்தத் தூசி மூச்சில் போகும், மண்ணிலும் தங்கும்.

இன்னொரு நோய்க்கு உப்புத்தாள் எந்த உதவியும் செய்யாது. மரத்தின் நடுமையத்தை நோக்கிய முகம் மேலே இருக்கும்படி பலகையை அடித்திருந்தால், கடின அடுக்கு நாக்கு நாக்காகக் கழன்று ஈட்டி முனை போல நிற்கும். தேய்த்தால் முனை மழுங்கும். அடியில் பிரிவு அப்படியே இருக்க, அடுத்த கோடையில் பக்கத்து நாக்கு கிளம்பும். கழன்றதை வெட்டி எடுப்பது, இல்லையென்றால் பலகையைப் புரட்டிப் போடுவது, இவையே வழி. பட்டைப்பக்கத்து முகம் இப்படி உரியாது.

அப்படியானால் எல்லாப் பலகையையும் பட்டைப்பக்கம் மேலாகவே அடித்துவிடலாமே என்றால், அதிலும் சிக்கல். மருந்தேற்றிய பலகை ஈரத்தோடு விற்பனைக்கு வருகிறது. காயும்போது பட்டைப்பக்கம் அதிகம் சுருங்கித் தட்டுபோல் குழியும். மழைநீர் அதில் தேங்கும். நெடுங்காலமாகத் தச்சர்கள் சண்டை போடும் விஷயம் இது. வெறுங்காலோடு நடக்கும் வீட்டுக்கு நான் குழிவையே தேர்ந்தெடுப்பேன். தேங்கின நீரைத் துடைப்பத்தால் தள்ளிவிடலாம், காலில் ஏறின சிராயைச் சுலபமாக எடுக்க முடியாது.

வளையம் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகைதான் இந்தத் தொல்லைகளுக்கு வேர் மருந்து. வரிகள் ஒல்லியாக நெருங்கி ஓடுவதால் எழுவதும் உரிவதும் மிகக் குறைவு. விலை கேட்டால் டெக் முழுக்கப் போட மனம் வராது. கைப்பிடிக்கு மட்டும் நாலைந்து நீளம் போதும் என்பதால் அதற்குத் தாங்கும். கடையில் அடுக்கின் முனைக்குப் போய், பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையம் படுத்து வில்லாக வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். கோடுகள் மேலும் கீழுமாக நேராக நின்றால் அந்தக் கட்டையை எடுத்து வையுங்கள்.