வியாழனைத் தெளியவைக்கும் இலவச மென்பொருள்கள்

எட்டு அங்குலத் தொலைநோக்கியில் வியாழனைப் படம்பிடித்து, வீடியோவைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவருக்கு முதலில் மிஞ்சுவது ஏமாற்றம்தான். இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரியும்; அவையும் ஓடும் வாய்க்காலின் அடியில் கிடக்கும் காசைப் போல நெளிந்துகொண்டே இருக்கும். எப்போதோ ஒரு ஃபிரேமில் மட்டும் காற்று ஒரு கணம் அடங்க, வடக்குப் பட்டையின் ஓரத்தில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு கொக்கி தெளியும். அடுத்த ஃபிரேமில் அது கரைந்துவிடும்.

அந்தக் கொக்கி கற்பனை இல்லை. வியாழனின் வடக்கு நடுக்கோட்டுப் பட்டையிலிருந்து வெளுத்த மையப் பகுதிக்குள் இறங்கும் உண்மையான அமைப்பு. வீடியோவுக்குள் சிதறிக் கிடக்கும் அதைப் பொறுக்கி எடுத்துச் சேர்க்க ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அத்தனையும் இலவசம். 2026 ஜனவரி 10-ம் தேதி வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வந்த பருவத்தில் எடுத்த வீடியோக்களை வைத்து அவற்றை வரிசையாகச் சோதித்துப் பார்த்தேன்.

கருவி எளியது. 1,200 மி.மீ. குவியத்தூரம் கொண்ட டாப்சோனியன், இரண்டரை மடங்கு பார்லோ லென்ஸ், சோனி ஐஎம்எக்ஸ் 462 சென்சார் வைத்த கேமரா. இதில் வியாழன் சுமார் 230 பிக்சல் அகலம் வருகிறது. மோட்டார் கிடையாது, பூமியின் சுழற்சியால் வியாழன் அரை நிமிடத்துக்குள் சென்சாரைக் கடந்து போய்விடும். தொலைநோக்கியைத் தள்ளி வைத்து, மறுபடி ஓடவிட வேண்டும். மொட்டை மாடி பகல் வெயிலை உமிழ்ந்து முடிக்கும்வரை, அதாவது நள்ளிரவு தாண்டும்வரை, எடுப்பதில் பயனில்லை. ஆனால் நம் அட்சரேகை ஒரு வரம். இந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் வியாழன் அடிவானிலிருந்து 75 பாகைக்கும் மேலே ஏறியது. அவ்வளவு உயரத்தில் காற்றின் தடிப்பும் குறைவு, நிறங்கள் பிரியும் தொல்லையும் குறைவு.

முதல் வேலை பிப் என்ற முன்தயாரிப்பு மென்பொருளுக்கு. திரையின் குறுக்கே நழுவும் வியாழனை ஒவ்வொரு ஃபிரேமிலும் தேடிப் பிடித்து நடுவில் நிறுத்துகிறது. மூன்று ஓட்டங்களை ஒட்டி ஒரே கோப்பாக்கிக் கொடுக்கிறது. 5 ஜி.பி.க்கு மேல் இருந்த ஒரு வீடியோ, 400க்கு 400 பிக்சலாக வெட்டியதும் 400 எம்.பி.க்குள் அடங்கியது. மோட்டார் இல்லாதவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது.

அடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட். நெதர்லாந்தின் எமில் கிராய்காம்ப் எழுதியது. இந்த வரிசையில் மிகச் சிறந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். எந்த ஃபிரேம் கூர்மையானது என்று ஒவ்வொன்றாக அளந்து, தர வரிசையில் அடுக்கி, மேலே உள்ளவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. தொலைநோக்கி பெரிதாகப் பெரிதாக, காற்று முழுதாக அடங்கிய ஒரு கணம் வாய்ப்பது எவ்வளவு அரிதாகிறது என்பதை 1978-ல் டேவிட் ஃபிரைட் கணக்கிட்டுக் காட்டினார். எட்டு அங்குலத்துக்கு அந்தக் கணக்கு இன்னும் தயவாகவே இருக்கிறது.

ஆட்டோஸ்டாக்கர்ட்டின் உண்மையான பலம் வேறொரு இடத்தில். காற்று, வியாழனின் வட்டு முழுவதையும் ஒரே சீராகக் கலைப்பதில்லை. ஒரு ஓரம் தெளிவாக இருக்கும்போதே மறு ஓரம் கலங்கியிருக்கும். அதனால் வட்டின்மீது சின்னச் சின்னக் கட்டங்களைப் பரப்பி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக நல்ல ஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்து, தனித்தனியாக நகர்த்திப் பொருத்துகிறது. கட்டத்தை மிகச் சிறிதாக வைத்தால் மென்பொருள் இரைச்சலையே அடையாளமாக நம்பித் தடுமாறும். நடுத்தர அளவே போதும். 7,500 ஃபிரேம்களில் 15 சதவீதம் எடுத்தேன். 1,100 சொச்சம் வந்தது. மணல்மணலான இரைச்சல் ஏறத்தாழ 33-ல் ஒரு பங்காகிவிடும். வெவ்வேறு சதவீதங்களை ஒரே ஓட்டத்தில் கேட்டு வாங்கி ஒப்பிடவும் வசதி உண்டு. வெளிவந்த 16 பிட் படத்தைப் பார்த்தால் கண்ணுக்கு இதம், ஆனால் மங்கல். கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல் மட்டும்.

நிழலைக் கொக்கியாக்குவது வேவ்லெட். கோர் பெரெவூட்ஸின் ரெஜிஸ்டாக்ஸ் இதற்கே பேர்போனது. படத்தை நுண்ணியது முதல் பெரியது வரை ஆறு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடர் தருகிறது. என் படங்களில் முதல் அடுக்கில் இரைச்சலைத் தவிர வேறெதுவும் இல்லை. இரண்டாவதைத் தூக்கினேன்: கொக்கியின் வளைவு வந்தது. மூன்றாவது: பட்டையின் விளிம்பிலிருந்து அது பிரிந்து நின்றது. கை இங்கேயே நிற்க வேண்டும். இன்னும் தூக்கினால் வியாழனின் விளிம்பை ஒட்டி உள்ளே இன்னொரு விளிம்பு முளைக்கும், பக்கத்தில் நிற்கும் நிலவைச் சுற்றிக் கருவளையம் விழும். இரண்டும் கூர்மையாக்கலில் துருத்தும் போலிகள், வானத்தில் இல்லாதவை. செவ்வாயில் இந்த உள்விளிம்பு இன்னும் மோசமாக வந்து, மேகம் என்றே நம்ப வைத்துவிடும். ரெஜிஸ்டாக்ஸின் ஆறாம் பதிப்பு 2011-ல் வந்தது. இன்றைய கூர்ந்த திரைகளில் அதன் பொத்தான்கள் பொடிப்பொடியாகத் தெரிகின்றன. அதே ஆசிரியரின் புதிய வேவ்ஷார்ப் அதே வேலையைச் செய்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் நேரே அதற்குப் போகலாம்.

கடைசிச் சிக்கல் வியாழனின் வேகம். பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று. வட்டின் மையத்தில் ஒரு புள்ளி நிமிடத்துக்குக் கால் வில்விநாடி நகர்கிறது. எட்டு அங்குலத்தின் பிரித்தறியும் எல்லையோ 0.58 வில்விநாடி. இரண்டு நிமிடம் தாண்டினால் கொக்கி இழுபட்டுவிடும். கிரிஷா ஹானின் வின்ஜூபோஸ் இந்தக் கட்டை அவிழ்க்கிறது. படத்தின்மேல் ஒரு வட்டக்கோட்டைப் பொருத்தி நேரத்தைச் சொன்னால், ஒவ்வொரு படத்தையும் ஒரே கணத்துக்குச் சுழற்றிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்தவற்றை இப்படிச் சேர்த்தபோது கொக்கியின் வால் மையப் பகுதிக்குள் நீண்டு போவது முதல்முறையாகத் தெரிந்தது. பழகக் கடினமான மென்பொருள். முகப்பு பழைய காலத்தது. நேரத்தை உலகப் பொது நேரமாகவே கொடுக்க வேண்டும். இந்திய நேரத்தைக் கொடுத்தால் ஐந்தரை மணி வித்தியாசத்தில் வியாழன் 200 பாகை சுழன்றிருக்கும். பெருஞ்சிவப்புப் புள்ளி மறுபக்கத்தில் இருப்பதாகக் கணக்கு வரும்.

செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் செயலிகளிலும் இதே அடுக்குப் படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அழகாக இருந்தது, தெற்குப் பட்டை முழுக்க நூல் நூலாக அலைகள். சில நிமிடம் தள்ளி எடுத்த வேறொரு வீடியோவில் அந்த அலைகள் ஒன்றுகூட இல்லை. தனித்தனியாக எடுத்த இரண்டு படங்களிலும் வருவதே உண்மை என்பது என் அளவுகோல். கோள் படங்களுக்கு இந்தச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்வலர்களின் படம் வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. திண்டுக்கல்லின் அட்சரேகையிலேயே இருக்கும் பிலிப்பைன்ஸின் செபு நகரிலிருந்து, வியாழனின் ஒரு வெண்புள்ளி சிவந்துவிட்டதை 2006 பிப்ரவரியில் முதலில் கவனித்தவர் கிறிஸ்டோபர் கோ என்ற ஆர்வலர். 2009 ஜூலையில் வியாழனில் ஏதோ மோதிய கருந்தழும்பைக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் அந்தோணி வெஸ்லி. அதன் பிறகே பெரிய ஆய்வகங்கள் அங்கே திரும்பின. பழகிய வியாழனை மட்டுமே வரையத் தெரிந்த செயலி அப்படிப்பட்ட தழும்பை என்ன செய்யும் என்பதை நினைத்தாலே எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

மோட்டார் இல்லாதவர் பிப், ஆட்டோஸ்டாக்கர்ட், வேவ்ஷார்ப் மூன்றையும் நிறுவினால் போதும். வின்ஜூபோஸை அடுத்த பருவத்துக்குள் பழகிக்கொள்ளலாம். எல்லாம் விண்டோஸில் ஓடுபவை. மேக், லினக்ஸ்காரர்களுக்கு அடுக்குவதற்கு பிளானட்டரி சிஸ்டம் ஸ்டாக்கர் உண்டு. சாதாரண மடிக்கணினியே தாங்கும். செலவழிக்கக் காசிருந்தால் வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். பிப் வெட்டிக் கொடுத்த மூல வீடியோக்களை அதில் அழிக்காமல் வையுங்கள்.