ஒரு மூடை அரிசி: ‘ஒஷின்’ தொலைக்காட்சித் தொடர் பற்றிய மறுநோக்கு

கலைப்படைப்பொன்றை மீண்டும் நோக்குமிடத்து முன்னர் புலப்படாத பொருள்கள் புலப்படுதல் பொது அனுபவம். அவை படைப்பினுள் மறைந்து கிடந்தனவா, அன்றி எமது பார்வையே அவற்றை மறைத்ததா என்பது ஆராயத்தக்கது. ஹஷிதா சுகாக்கோ எழுத, யப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரிலிலிருந்து 1984 மார்ச் வரை ஒளிபரப்பிய ‘ஒஷின்’ இவ்வினாவுக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இலங்கை உட்படப் பல நாடுகளைச் சென்றடைந்த இத்தொடரை, துன்பங்களைப் பொறுத்து முன்னேறும் பெண்ணொருத்தியின் கதையாகவே நாமும் முதலிற் கண்டோம். அதனாலேயே பெரிதும் விரும்பினோம். மறுமுறை கண்டபோதே கதையின் அடித்தளத்தில் அரிசி இருப்பது தெரியவந்தது.

யமகாத்தாவின் குத்தகை விவசாயக் குடும்பத்தில் 1901இல் பிறந்த ஒஷின், ஏழு வயதில் ஒரு மூடை அரிசிக்கு ஈடாக ஓராண்டு வேலைக்கு அனுப்பப்படுகிறாள். அக்காலத்திலே குத்தகை விளைச்சலின் ஏறத்தாழ அரைவாசியை விழுங்கியது. நெல்லை விளைவித்தோர் முள்ளங்கி கலந்த சோற்றையே உண்டனர். கருவைக் கலைப்பதற்காகத் தாய் உறைகுளிரில் ஆற்றில் இறங்கி நிற்கிறாள். பட்டுநூல் ஆலைக்குச் சென்ற தமக்கை ஹரு காசநோயால் மடிகிறாள். விதியின் கொடுமைகளாக எமக்குத் தோன்றிய இவையாவும் ஒரே நிலவுடைமையுறவின் விளைவுகளே. ஒஷின் பின்னர் பணிபுரியும் ககாயா இல்லம் ஓர் அரிசி வணிக இல்லமாகும். அவ்வில்லத்தார் அவள்மீது காட்டும் அன்பு மெய்யானதே. ஆயினும் அவ்வில்லத்தின் செல்வம், அவளது தந்தையைப் போன்றோரின் உழைப்பிலிருந்து பெறப்பட்டதாகும். தொடர் இதனைக் காட்டுகிறது, ஆனால் சொல்வதில்லை.

இம்மௌனம் கோத்தாவின் பாத்திரத்திலே தெளிவாகிறது. விவசாயிகள் இயக்கத்தில் இணைந்த அவர், சிறைசென்று, கொள்கையைக் கைவிட்டு, ஈற்றில் வணிகராகிறார். ஒஷினும் கடைத்தொகுதியொன்றின் உரிமையாளராகிறாள். நிலம் யாருக்குரியது என எழுந்த வினா, கடையை எவ்வாறு பெருக்குவது என்னும் வினாவாகக் குறுகிவிடுகிறது. நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடமாக 297 பகுதிகள் ஓடிய வடிவமும், இன்றைய துயரை நாளைய பகுதிவரை பொறுத்திருக்கப் பார்வையாளரைப் பழக்குகிறது.

இதுகொண்டு தொடரை வெறும் கண்ணீர்க் கதையென ஒதுக்குதல் தவறாகும். படையிலிருந்து தப்பியோடிய சுன்சாக்குவே ஒஷினுக்கு எழுத்தறிவிக்கிறான். இராணுவத்துடன் இணைந்து பொருளீட்டிய கணவன் ரியூசோ, 1945இன் தோல்வியின் பின் தற்கொலை செய்துகொள்கிறான். மூத்த மகனோ பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில் மாண்டுபோகிறான். கதை தொடங்குவதும் முதிய ஒஷின் தனது 17ஆவது கடையின் திறப்புநாளில் வீட்டைவிட்டு வெளியேறுவதிலேயே. வெற்றியின் உச்சத்திலே தான் எங்கு தவறினோம் எனத் தேடும் அப்பயணம், பொறுமையின் புகழ்பாடுவோர் காணாத பகுதியாகும். வினாவை எழுப்பியது படைப்பின் நேர்மை. விடையைத் தனிமனித மனச்சாட்சிக்குள் அடக்கியது அதன் வர்க்க எல்லை.

இலங்கையின் பொருளாதாரம் 1977இல் திறந்துவிடப்பட்டு, 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. இளம்பெண்கள் கிராமங்களிலிருந்து ஆலைகளுக்குச் சென்ற காலத்திலேதான் ‘ஒஷின்’ இங்கு வந்தது. அப்பெண்களின் கதைக்கு அண்மையிலிருப்பது கடைகளை வென்ற ஒஷினா, ஆலையில் நலிந்த ஹருவா? கண்ணீரோடு ஒஷினைப் பின்தொடர்ந்த நாம், ஹருவைச் சில பகுதிகளிலேயே மறந்துவிட்டோம். அம்மறதி படைப்பினது மட்டுமன்று, எம்முடையதுங்கூட. மறுநோக்கு முதலில் திருத்தவேண்டியது அதனையே.