ஐந்து வாட் போதும்

லேசர் செதுக்கும் கருவி வாங்கப் போகிறவர் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்பிவிடக் கூடாது. பல நேரம் அது கருவி இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. ஒளியாக வெளிவருவது எத்தனை வாட் என்று கேளுங்கள். புதிதாகத் தொடங்குபவரின் சிறு பட்டறைக்கு 5 வாட் ஒளியே தாராளம். சுமார் 450 நானோமீட்டர் நீலக் கதிர் ப்ளைவுட் மேல் ஓடும்போது வேகத்தைக் கூட்டினால் கோடு டீ நிறத்தில் விழும், குறைத்தால் கரியாக இறங்கும். அந்த இடைவெளிக்குள் எத்தனை பழுப்புகள்! கைப்பழக்கம் அங்கேதான் வருகிறது.

10 வாட் வாங்கினால் வேகமாக வெட்டலாமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வலிமை பெரும்பாலும் இரண்டு டயோடுகளின் கதிர்களைச் சேர்த்துப் பெறுவது. புள்ளி சற்றுத் தடித்து, பொடி எழுத்தின் கூர்மை குறையலாம். 3 மி.மீ. ப்ளைவுட்டை 5 வாட்டும் சில முறை ஓட்டினால் அறுத்துவிடும். நிறமற்ற அக்ரிலிக்கை நீல ஒளி ஊடுருவிப் போய்விடும், 10 வாட்டானாலும் அதே கதிதான். மிச்சமாகும் பணத்தை மூடிய கூண்டுக்கும், அந்த நீல அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடிக்கும், புகையை வெளியே தள்ளும் விசிறிக்கும் செலவிடுங்கள். பி.வி.சி. கலந்த ரெக்சினை மட்டும் கதிருக்கடியில் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் அரிக்கும், கருவியின் இரும்பையும் அரிக்கும்.