நின்றே பார்க்கும் ஒரு பல்கலைக்கழகம்

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கி மோதித் தள்ளும் ஆட்டம் அது. அந்த ஆட்டத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான கோப்பைகள் அதிகமில்லை. தகராறின்றி எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தேசியப் பட்டம் 1939இல் கிடைத்தது ஒன்றுதான். ஆனாலும் காலேஜ் ஸ்டேஷன் என்ற சிறிய ஊரில் இருக்கும் அதன் கைல் ஃபீல்டு மைதானம் 1,02,733 பேர் கொள்ளும். ஆட்ட நாளில் அது நிரம்பியும் விடுகிறது. மாணவர் பகுதியில் இருக்கைகள் உண்டு. ஆனால் ஆட்டம் முடியும்வரை யாரும் உட்காருவதில்லை.

நிற்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1922 ஜனவரி 2, டல்லஸ் நகரம். கென்டக்கியிலிருந்து வந்த சென்டர் கல்லூரியின் பலமான அணியோடு ஆட்டம். ஏ அண்ட் எம் வீரர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு வெளியேற, பெஞ்சில் மாற்று ஆட்கள் தீர்ந்துகொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் டானா பைபிள், பத்திரிகையாளர் பகுதியில் இருந்த ஈ. கிங் கில் என்ற மாணவரைக் கீழே வரச் சொன்னார். கில் கால்பந்து அணியை விட்டுக் கூடைப்பந்துக்குப் போய்விட்டவர். காயம்பட்ட ஒருவரின் உடுப்பை மாட்டிக்கொண்டு கோட்டோரமாக நின்றார். கடைசிவரை அவரைக் களத்தில் இறக்கும் தேவை வரவில்லை. 22-14 என்று ஏ அண்ட் எம் வென்றது. ஆடாமலேயே வரலாற்றில் இடம் பிடித்த ஆட்டக்காரர் அவர். களத்தில் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் கூட்டத்தில் நிற்கும் மாணவர் என்பது அன்றிலிருந்து வந்த வழக்கம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, இதன் நாயகர் எதையும் சாதிக்கவில்லை என்பது. கோல் இல்லை, சாதனை இல்லை. கூப்பிட்டபோது வந்தார், அவ்வளவே. வெற்றியை வைத்துக் கட்டிய மரபு அணி தோற்கத் தொடங்கினால் சரிந்துவிடும். இது வருகையை வைத்துக் கட்டியது, அதனால் பட்டமில்லாத பல பத்தாண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது. டிக்கெட் வாங்கிய பார்வையாளருக்கும் ஆட்டத்தில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று சொல்லும் விளையாட்டு மரபு உலகில் அதிகமில்லை. 1983இல் பயிற்சியாளர் ஜாக்கி ஷெரில் இதைச் சொல்லோடு விடாமல், உதவித்தொகை பெறாத சாதாரண மாணவர்களைத் திரட்டி ஆட்டத் தொடக்க உதையின்போது களத்திலேயே இறக்கினார். அந்த வழக்கம் சுருங்கி, இன்று அத்தகைய மாணவர் ஒருவர் 12ஆம் எண் சட்டை அணிகிறார்.

மற்ற சடங்குகளும் இதே வார்ப்பில் வந்தவைதான். 1876இல் ராணுவப் பயிற்சியோடு தொடங்கிய கல்லூரி அது. கேடட் படையில் சேருவது 1965வரை கட்டாயம். ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் கூடிக் கோஷம் போட்டுப் பழகுகிறார்கள். ஆடிப் பாடி உற்சாகமூட்டும் குழு கிடையாது. மாணவர் வாக்கில் தேர்வாகும் ஐந்து ‘யெல் லீடர்’கள் கையசைவால் கூட்டத்தை நடத்துகிறார்கள். 1931இல் கேடட்கள் தெருவிலிருந்து தூக்கிவந்த நாய் ஒன்று அதிகாலை எக்காளத்துக்குக் குரைத்ததாம். ‘ரெவெலி’ என்ற அதன் பெயரைத் தாங்கிய வாரிசு நாய்க்குத்தான் இன்று கேடட் படையில் மிக உயர்ந்த பதவி. வகுப்பில் அது குரைத்தால் பாடம் முடிந்தது என்பார்கள். இறந்த ரெவெலிகளை மைதானத்தின் வாசலில் புதைத்து, கல்லறையிலிருந்து ஸ்கோர் தெரியும்படி ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கும் இடத்தில், முன்பின் தெரியாத இருவரை ஒரே நாளில் உறவாக்க இதைவிட மலிவான வழி இல்லை. நம் ஊரிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளும் ஒரு வாரத்தில் அந்த வளாகத்து வணக்கமான ‘ஹவ்டி’யைச் சொல்லப் பழகிவிடுகிறார்கள்.

காசு இந்த மரபுக்குள் எப்படி நுழைந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கில் சும்மா நின்றார். ‘பன்னிரண்டாவது ஆள்’ என்ற தொடரைப் பல்கலைக்கழகம் 1990இல் வர்த்தகச் சின்னமாகப் பதிந்துகொண்டது. அதைப் பயன்படுத்திய சியாட்டில் தொழில்முறை அணி மீது 2006இல் வழக்குப் போட்டு, கட்டணம் பேசி முடித்தது. 2023இல் ஒரு பயிற்சியாளரை ஒப்பந்தம் முடியுமுன் அனுப்பியதற்கு 7.6 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியிருந்தது. ஆடும் மாணவர்களோ தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க 2021வரை விதி இடம் தரவில்லை. தியாகக் கதைகள் எப்போதுமே கணக்குப்பிள்ளைக்கு வசதியானவை.

பணத்தைவிட ஆழமான கோளாறு ஒன்று உண்டு. ஏ அண்ட் எம் வளாகத்தில் இரண்டு வழக்குமொழிகள் புழங்குகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது புரியாது, உள்ளே இருப்பவருக்கு விளக்க வராது என்பது ஒன்று. ஊர் வழியே போகும் ஆறாம் எண் நெடுஞ்சாலை இரண்டு பக்கமும் ஓடுகிறது என்பது மற்றொன்று. பிடிக்காவிட்டால் வந்த வழியே போ என்று பொருள். விளக்கம் கேட்பவர் அயலார், குறை சொல்பவர் துரோகி என்றாகிவிட்டால் பிழையைச் சுட்ட யார் மிச்சம்?

இதற்கான விலை 1999இல் தெரிந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு ஆண்டுதோறும் நடக்கும் ஆட்டத்துக்கு முன் ஒரு பெரிய தீமூட்டும் சடங்கு; 1909இலிருந்து நடந்துவந்தது. கார்த்திகைச் சொக்கப்பனையை நினைத்துக்கொள்ளுங்கள். பனைமரத்துக்குப் பதில் ஐயாயிரம் மரத்தடிகளைச் செங்குத்தாக அடுக்கடுக்காக நிறுத்திய கோபுரம் அது. தொடக்கத்தில் குப்பைகூளக் குவியல்தான். வளர்ந்து வளர்ந்து 1969இல் 109 அடியைத் தொட்டது. பிறகு 55 அடி என்று வரம்பு போட்டார்கள். மரம் வெட்டுவது, சுமப்பது, கம்பியால் கட்டுவது எல்லாமே மாணவர்கள். சீனியர் சொல்ல ஜூனியர் செய்வார். அடுத்த ஆண்டு அந்த ஜூனியர் சொல்வார். எழுதிவைத்த வரைபடம் கிடையாது. அமெரிக்காவின் பெரிய பொறியியல் கல்விக்கூடங்களில் ஒன்றின் வாசலில், ஒரு பொறியாளரின் கையெழுத்தும் இல்லாமல் ஆண்டுதோறும் ஒரு கோபுரம் எழுந்தது. 1994இல் மழைக்குப் பிறகு அது சாய்ந்தபோது மண் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி கட்டினார்கள்.

1999 நவம்பர் 18, அதிகாலை 2.42. கட்டிக்கொண்டிருக்கும்போதே அடுக்கு சரிந்தது. அப்போது அதன் உயரம் 59 அடி. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கை இரண்டு வகைக் காரணம் சொன்னது. மேலடுக்குத் தடிகளைக் கீழடுக்குக்குள் ஆப்புபோல் இறுக்கி அடித்ததில் உள்ளழுத்தம் கூடியது. முந்தைய ஆண்டுகளில் சுற்றிக் கட்டிய எஃகு வடம் அம்முறை இல்லை. இது கட்டுமானக் காரணம். இன்னொன்று நிர்வாகம் பற்றியது: மரபு தந்த பெருமித மயக்கத்தில், ஆபத்தை ஆபத்தாகப் பார்க்கும் பழக்கமே அங்கு இல்லாமல் போயிருந்தது. என் பார்வையில் இரண்டாவதுதான் முதல் காரணம். வடம் ஏன் இல்லை என்று கேட்கும் ஒருவருக்கு மரியாதை இருந்திருந்தால் முதலாவது நேர்ந்திருக்காது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அன்று இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை மீட்கத் தடிகளைக் கையால் தூக்கி அகற்ற மாணவர்கள் ஓடிவந்தார்கள்; கால்பந்து வீரர்களும் வந்தார்கள். பரம எதிரியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் தங்கள் ஆட்டக் கொண்டாட்டத்தை நிறுத்தி இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். கூப்பிட்டால் வருவேன் என்ற கில்லின் பாடம் உண்மையிலேயே இறங்கியிருந்ததற்கு அந்த அதிகாலையைவிடச் சான்று வேண்டாம். சரிவுக்கு வழிவிட்ட பிணைப்பும் மீட்புக்கு ஓடிவந்த பிணைப்பும் ஒன்றேதான். அதனால்தான் இந்த மரபை மொத்தமாகத் தூக்கி எறியவும் முடியாது, மொத்தமாகத் தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியாது.

பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கலந்துகொள்ளாதவருக்கு என்ன நேர்கிறது? உட்கார்ந்துவிட்ட மாணவருக்குப் பக்கத்து ஆளின் முறைப்பு கிடைக்கும், உயிர் போகாது. நிற்பதும் கத்துவதும் நாய்க்கு வணக்கம் சொல்வதும் இருக்கட்டும். தடி அடுக்கும் சடங்கு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. கேள்வி கேட்காத கீழ்ப்படிதல் இல்லாமல் அது எழும்பியதே இல்லை. வளாகத்துக்கு வெளியே மாணவர்கள் தாமாக இன்றும் தீ மூட்டுகிறார்கள். எல்லாத் தடிகளும் தரையைத் தொடும்படி முறையையும் மாற்றிவிட்டார்கள். அது அவர்கள் விருப்பம். பல்கலைக்கழகத்தின் பெயரால் அது மீண்டும் நடக்கக் கூடாது என்று 2024 ஜூனில் நிர்வாகம் எடுத்த முடிவு சரியானது.

2011க்குப் பிறகு நின்றுபோயிருந்த டெக்சாஸ் ஆட்டம் 2024 நவம்பர் 30 அன்று கைல் ஃபீல்டில் மறுபடி தொடங்கியது. வளாகத்தில் தீ மூட்டவில்லை. மைதானத்தில் இடமும் இல்லை. ஏ அண்ட் எம் 17-7 என்று தோற்றது.