பேரே வாவியும் கொம்பனித்தெருவும்

பேரே வாவியின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் கொழும்பின் இடப்பெயர்களை ஆராய்வோர் இன்னும் உடன்பட்டாரில்லை. 'கரை' எனப் பொருள்படும் போர்த்துக்கீசச் சொல்லே அது என்பர் ஒரு சாரார். மறு சாரார், 'டி பியர் 1700' எனப் பொறித்த கருங்கல் ஒன்றைக் காட்டி, ஒல்லாந்தப் பொறியியலாளன் ஒருவனின் பெயரே மருவியது என வாதிடுவர். கோட்டையின் காவலுக்காகப் போர்த்துக்கீசர் காலத்தில் ஆக்கப்பட்ட இந்நீர்நிலை நெடுங்காலம் வெறும் 'கொழும்பு வாவி'யாகவே எழுதப்பட்டு வந்தது. ஆராய்ச்சியை நாம் குறை கூறவில்லை. அது கேட்கும் கேள்வியையே குறை கூறுகிறோம். கல்லில் பெயர் பொறித்தவனைத் தேடுவோர் பலர். சேற்றில் இறங்கி மண் சுமந்தவனைத் தேடுவோர் அரியர்.

மலைநாட்டிலும் இதே கதைதான். நுவரெலியாவில் 1873இல் ஓடையை மறித்து ஆக்கிய ஏரி அன்றைய தேசாதிபதியின் பெயரால் 'கிரகரி வாவி' ஆயிற்று.

ஆனால் பேரே வாவிக்கரையில், இழிவாகவே எனினும், உழைத்தவனும் நிலப்படத்தில் ஏறியிருந்தான். கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் 'சிலேவ் ஐலன்ட்', அதாவது அடிமைத்தீவு. ஒல்லாந்தர் காலத்தில், பகலெல்லாம் வேலை வாங்கப்பட்ட அடிமைகள் இரவில் இங்கே அடைக்கப்பட்டனர். அவர்கள் தப்பாதிருக்க வாவியில் முதலைகள் விடப்பட்டன என்றும் சொல்வர். ஒல்லாந்தரின் அடிமைகள் ஆபிரிக்கர் மட்டுமே என்று எண்ணற்க. 1659 முதல் 1661 வரை தஞ்சை மண்டலம் பஞ்சத்தில் வாடியபோது, சோழமண்டலக் கரையில் அவர்கள் ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கினர். அவர்களுட் பெரும்பாலோர் இலங்கைக்கே கொணரப்பட்டனர். இங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்.

நம் வழக்கிலும் சிங்கள வழக்கிலும் அடிமை இல்லை, கொம்பனி உண்டு. அது ஒல்லாந்தரின் வணிகக் கொம்பனியா, பின்னர் அங்கே தங்கிய மலாய்ப் படையணிகளா என்பதில் கருத்து வேறுபாடு உளது. எதுவாயினும், அது ஏவியவனின் பெயர். 2022இல், 'சிலேவ் ஐலன்ட்' என்பதை விடுத்துக் 'கொம்பஞ்ஞ வீதிய' என்றே வழங்குமாறு அரசு பணித்தது. இழிசொல் ஒழிந்ததென மகிழ்வோரை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அடிமை என்ற சொல்லுக்கு நாணியவர்கள் கொம்பனி என்ற சொல்லுக்கு நாணினார்களில்லையே!

ஒல்லாந்தர் கால ஏடுகள் கொழும்பில், தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. அடிமையை அவன் கொணரப்பட்ட நாட்டோடு சேர்த்து, 'வங்காளத்து இன்னான்', 'மலபாரத்து இன்னான்' என எழுதுவது அவர்கள் வழக்கம். வாவியின் பெயரை ஆராயப் புகும் நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அக்கருங்கல்லை விட்டு அவ்வேடுகளிலிருந்து தொடங்குவாராக.